கடல் வெளிச்சமும் விழித்திரையும்

கண்ணுக்குப் புலப்படும் ஒளியில் 400 முதல் 500 நானோமீட்டர் வரையுள்ள பகுதியே நீல ஒளி. புற ஊதாக் கதிரைக் கருவிழியும் கண் வில்லையும் பெரும்பாலும் தடுத்துவிடுகின்றன. நீல ஒளியோ அவற்றைக் கடந்து விழித்திரையைத் தொடுகிறது. அலைநீளம் குறையக் குறைய ஒளித்துகளின் ஆற்றல் கூடும். அந்த ஆற்றல் விழித்திரையைச் சுடுவதில்லை, அங்கே வேண்டாத வேதிவினையைத் தூண்டிவிடுகிறது. 1976-இல் வில்லியம் ஹாம் குழுவினர் குரங்குகளின் கண்ணில் பல அலைநீளங்களைச் செலுத்திப் பார்த்தனர். 441 நானோமீட்டர் நீல ஒளிக்கே விழித்திரை மிக எளிதில் புண்பட்டது. வெப்பக் காயத்துக்குத் தேவையான அளவைவிட வெகு குறைந்த ஒளியே அதற்குப் போதுமானதாக இருந்தது.

பார்வையைத் தொடங்கிவைப்பது ரெட்டினால். வைட்டமின் ஏ-யின் ஒரு வடிவமான இந்த மூலக்கூறு, ஒளி பட்டதும் வளைந்த நிலையிலிருந்து நிமிர்கிறது. நிமிர்ந்ததை மீண்டும் வளைத்துத் தரும் வேலையில் பெரும்பங்கு, ஒளியுணர் செல்களுக்குப் பின்னால் இருக்கும் நிறமிப் படலத்தினுடையது. ஒளி மிகும்போது நிமிர்ந்த ரெட்டினால் தேங்கிப்போகிறது. 2018-இல் அமெரிக்காவின் டொலேடோ பல்கலைக்கழகத்தில் அஜித் கருணாரத்ன குழுவினர் காட்டியது இதுதான்: ரெட்டினால் சேர்த்த செல்களில் நீல ஒளி பட்டதும் செல்சவ்விலுள்ள சமிக்ஞை மூலக்கூறு குலைந்து, செல்கள் மடிந்தன. ரெட்டினால் மட்டும் இருந்தாலோ, நீல ஒளி மட்டும் பட்டாலோ அப்படி நேரவில்லை. வைட்டமின் ஈ வகையைச் சேர்ந்த ஆல்ஃபா டோக்கோஃபெரால் அந்தச் சாவைத் தடுத்தது.

நிறமிப் படலத்துக்கு வேறொரு சுமையும் உண்டு. ஒளியுணர் செல்கள் நாள்தோறும் உதிர்க்கும் நுனிகளை அது விழுங்கிச் செரிக்கிறது. செரிக்காத மிச்சம் ஆண்டுக்கணக்கில் லிப்போஃபியூசின் என்னும் மஞ்சள் நிறக் கசடாகப் படிகிறது. அதிலுள்ள ஏ2இ என்ற பொருள் நீல ஒளியை உறிஞ்சி, ஆக்சிஜனை மூர்க்கமான வடிவங்களாக மாற்றுகிறது. பக்கத்திலேயே எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையும் கொழுப்பு. பின்னால் ஆக்சிஜனை அள்ளித் தரும் இரத்தக் குழாய்ப் படலம். தீப்பொறியும் வைக்கோலும் காற்றும் ஒரே அறையில் அடைபட்டிருப்பதைப் போன்ற நிலை இது. நிறமிச் செல் ஒன்று செத்தால் அந்த இடத்தை நிரப்ப வேறொன்று பிறப்பது அரிது. அதை நம்பியிருந்த ஒளியுணர் செல்களும் பின்னாலேயே போகின்றன.

டொலேடோ ஆய்வு வெளிவந்ததும் கைபேசி கண்ணைக் குருடாக்கும் என்ற செய்தி ஊரெல்லாம் பரவியது. ஆய்வுக்கூடத் தட்டில் வளர்த்த செல்களில் கண்டதைக் கண்ணுக்குள் நடப்பதாகக் கொண்டது பெரும்பிழை. திரைகள் உமிழும் நீல ஒளி பன்னாட்டுப் பாதுகாப்பு வரம்புக்கு வெகு கீழே நிற்கிறது. நீல ஒளி வடிகட்டும் கண்ணாடி கண் சோர்வைக் குறைப்பதாகச் சான்று கிடைக்கவில்லை என்றே, 17 சோதனைகளைத் தொகுத்த 2023-ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வும் கண்டது. அச்சம் தவறான இடத்தில் குவிந்துவிட்டது. நீல ஒளியைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய இடம் மன்னார் வளைகுடாவில் மீனவர் வாழும் பெரியதாழைக் கரை.

வள்ளத்தில் இருப்பவருக்கு வெளிச்சம் வானிலிருந்து மட்டும் வருவதில்லை. புருவமும் இமையும் தொப்பியும் மேலிருந்து வருவதைத் தடுக்கும். அலைமேல் பட்டுத் தெறிப்பது கீழிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் நுழையும். கரையேறினால் வெண்மணல். இதற்கு மிக நெருங்கிய சான்று அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் கிடைத்தது. அங்குள்ள 838 கடல் தொழிலாளரை ஆராய்ந்து 1992-இல் வெளியான முடிவின்படி, விழித்திரையின் நடுப்பகுதியான மாகுலாவில் முற்றிய சிதைவு உள்ளவர்கள் முந்தைய 20 ஆண்டுகளில் மற்றவர்களைவிட அதிக நீல ஒளியைக் கண்ணில் வாங்கியிருந்தனர். நோய் உற்றவர் சிலரே என்பதால் இதை நிறுவப்பட்ட காரணமாகக் கொள்ள இயலாது. ஆனாலும் மன்னார் வளைகுடாவின் வெயில் செசபீக் வெயிலைவிடக் கடியது என்பதை மறந்துவிடக் கூடாது.

இதே கடலில் முன்பு முத்துக்குளித்தவர் இறங்கிய ஆழத்தில் சிவப்பு மங்கி நீலமே மிஞ்சும். ஆயினும் அங்கே மொத்த வெளிச்சமும் குறைந்துவிடுவதால், விழித்திரைக்குக் கூடுதல் சுமை, மேலே தோணியில் அவருடைய கயிற்றைப் பிடித்து நின்றவருக்கே.

சூரியனை நேராகப் பார்த்தால் நீல ஒளி செய்யும் இந்தச் சேதம் சில நிமிடங்களிலேயே நேரும். 2010 ஜனவரி 15-இல் தென்கோடித் தமிழகத்தைக் கடந்த கங்கண கிரகணத்தின் உச்சத்திலும் சூரிய வளையம் மறையாமல் எரிந்துகொண்டிருந்தது. வெறுங்கண்ணால் கிரகணம் பார்ப்பவருக்கு வலி தெரியாது. சில மணி நேரம் கழிந்த பிறகுதான் பார்வையின் நடுவில் கரும்புள்ளி விழும்.

வயதும் இதில் சேர்ந்துகொள்கிறது. குழந்தையின் கண் வில்லை தெளிவானது; நீலத்தைத் தாராளமாக உள்ளே விடும். முதுமையில் மஞ்சளாகும் வில்லை தானே ஒரு வடிகட்டியாகிறது. மாகுலாவில் லூட்டினும் சியாசாந்தினும் சேர்ந்த மஞ்சள் நிறமியும் நீலத்தை உறிஞ்சிக்கொள்கிறது. உடல் இவற்றைத் தானே உண்டாக்குவதில்லை. கீரையும் முட்டையின் மஞ்சள் கருவும் தர வேண்டும். கண்புரை அறுவையில் மஞ்சளான வில்லையை எடுத்துவிட்டு நிறமற்ற வில்லையைப் பொருத்தியவர் மீண்டும் கடலுக்குப் போகும்போது, முன்பு தடுக்கப்பட்ட நீலமும் அவர் விழித்திரைக்குப் போகிறது. அகன்ற விளிம்புள்ள தொப்பியும், பக்கவாட்டையும் மூடும் பழுப்பு நிறக் கண்ணாடியும் அவருக்கே முதலில் கிடைக்க வேண்டும்.