நீச்சல் தடாகத்தைக் காக்கும் தொழில்

(நமது சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



நீச்சல் தடாகங்களைப் பராமரிக்கும் கம்பனியைப் பொறுப்புடன் நடத்துவது எப்படி என்பதைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் சிலர் நகைத்தார்கள். மகாவலி கங்கை ஓடும் நாவலப்பிட்டியில் இருப்பவனுக்குத் தடாகத்தைப் பற்றி என்ன கவலை என்று ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் கண்டியைச் சுற்றியுள்ள உல்லாச விடுதிகள் பலவற்றில் இன்று நீச்சல் தடாகங்கள் இருக்கின்றன. அவற்றைத் துப்புரவு செய்யும் வேலைக்கு நமது ஊர்ப் பிள்ளைகளும் தோட்டத்துப் பிள்ளைகளும் போகிறார்கள். சென்ற விடுமுறையில் நானும் ஆறு கிழமை அவ்வேலைக்குப் போயிருந்தேன். நமது அங்கத்தவர் இருவர் இத்தொழிலைச் சொந்தமாகத் தொடங்க எண்ணி, அதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். முக்கியமாக அவர்களுக்காகவே பேசுகிறேன்.

இத்தொழில் நம் நாட்டுக்குப் புதிதன்று. அனுராதபுரத்தில் அபயகிரி விகாரைத் துறவிகள் நீராடிய ‘குட்டம் பொக்குண’ என்னும் இரட்டைக் குளத்தைப் பார்த்தவர்கள் இங்கே இருக்கலாம். பெரிய குளம் 132 அடி நீளம். சிறியது 91 அடி. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட அக் குளத்தின் கருங்கற் படிகளைப் பார்த்து வியந்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம். பார்க்கவேண்டியது ஓரத்திலிருக்கும் சிறு தொட்டிகளை. வெளியிலிருந்து வரும் நீர் அங்கே தங்கி, மண்ணும் சேறும் அடியிற் படிந்த பின்னரே குளத்துக்குள் விழும். குளிப்பவன் கண்ணுக்கு அத்தொட்டிகள் படமாட்டா. ஆயினும் அவற்றை வாரி இறைத்துச் சுத்தம் செய்ய எவனோ ஒருவன் இருந்திருக்க வேண்டும் அல்லவா? முன்வரிசை நண்பர்கள் செய்யப்போவது அவனுடைய வேலையைத்தான்.

ஆற்று நீர் ஓடிக்கொண்டே இருக்கிறது. கீரிமலைக் கேணியில் ஊற்று வந்துகொண்டே இருக்கிறது. நீச்சல் தடாகத்திலோ அதே நீர்தான் மாதக்கணக்கில் நிற்கும். பம்பி அதனை இழுத்து, மணல் வடிகட்டியூடாகச் செலுத்தி, மீண்டும் தடாகத்துக்கே அனுப்புகிறது. வடிகட்டி அழுக்கைப் பிடிக்கும், கிருமியைக் கொல்லாது. அதற்குத்தான் குளோரீன். ஒரு லீற்றர் நீரில் 1 முதல் 3 மில்லிகிராம் வரை அது இருக்கவேண்டும். நீரின் பீ.எச். அளவு 7.2க்கும் 7.8க்கும் இடையில் நிற்கவேண்டும். அது ஏறினால் குளோரீன் இருந்தும் வலுவிழந்து போகும். இடையில் ஒன்று சொல்கிறேன். தடாகத்தில் மூக்கைத் துளைக்கும் மணம் வந்தால் ‘நன்றாக மருந்து போட்டிருக்கிறார்கள்’ என்று மெச்சுகிறோம். உண்மையில் அது குளோரீன் வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து உண்டாகும் மணம். நல்ல தடாகத்தில் மணம் அதிகம் இராது.

இனி, எனக்குச் சொல்லக் கூச்சமான செய்தி ஒன்று.

ஒரு சனிக்கிழமை மாலை. அன்று காலையிலிருந்து நம்மூர் மழை. நான்காவது இடத்துக்குப் போனபொழுது சோதனை மாத்திரைகள் தீர்ந்துபோயிருந்தன. மேற்பார்வையாளர், “நேத்துப் போட்டதையே போடுங்க தம்பி. தண்ணி கண்ணாடி மாதிரி இருக்குதே” என்றார். பதிவேட்டில் குளோரீன் 1.5, பீ.எச். 7.4 என்று எழுதிக் கையெழுத்திட்டேன். நாள் முழுவதும் பெய்த மழை தடாகத்து நீரை மாற்றியிருக்கும் என்பதை நான் அறியாதவனல்லன். மறுநாள் ஞாயிறு. குழந்தைகள் நிறைய வந்து குளித்திருப்பார்கள். எவருக்கும் நோய் கண்டதாகக் கேள்விப்படவில்லை. ஆனால் கேள்விப்பட எனக்கு வழியும் இல்லை. குளித்துவிட்டுக் கொழும்புக்குத் திரும்பிய பிள்ளைக்கு மூன்றாம் நாள் வயிற்றோட்டம் வந்தால், அதைத் தடாகத்தோடு சேர்த்து யார் நினைப்பார்கள்? இத்தொழிலின் சோதனை அங்கேதான் இருக்கிறது. தெளிந்த நீர் பொய் சொல்லும். பதிவேடும் சேர்ந்து பொய் சொன்னால் பிடிப்பவர் ஒருவரும் இல்லை.

ஆகவே நண்பர்களே, மாத்திரை இல்லாவிட்டால் ‘சோதிக்கவில்லை’ என்று எழுதுங்கள். விடுதிக்காரர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும். ‘இன்று தடாகத்தை மூடுங்கள்’ என்று சொல்லும் உரிமையை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். குழந்தை ஒன்று நீரை அசுத்தப்படுத்திவிட்டால் அந்த உரிமை உதவும். கிரிப்டோஸ்போரிடியம் என்றொரு நுண்ணுயிர் உண்டு. அது சரியாகக் குளோரீன் இட்ட நீரிலும் 7 நாட்களுக்கு மேல் உயிரோடிருக்கும். வழக்கம்போல் ஒரு கரண்டி தூளைக் கூடப் போட்டுவிட்டுத் திறந்துவைப்பது எவ்வளவு பிழை என்பது இதனால் விளங்கும்.

அடுத்தது வேலையாட்கள். குளோரீன் தூளும் பீ.எச். குறைக்கும் அமிலமும் ஒரே அறையில், ஒரே தட்டில் இருக்கக் கண்டேன். இரண்டும் கலந்தால் எழும் வாயு 1915 ஏப்பிரல் 22இல் ஈப்பர் போர்க்களத்தில் படைவீரர்களை மூச்சுத் திணறச் செய்து கொன்ற அதே வாயு. மிஷன் பாடசாலையில் எனக்கு இரசாயனம் கற்பித்த ஆசிரியர், அமிலத்தை நீரில் ஊற்றவேண்டும், நீரை அமிலத்தில் ஊற்றலாகாது என்று கரும்பலகையில் எழுதி அழிக்காமலே விட்டிருந்தார். குளோரீன் தூளுக்கும் அதே விதிதான். அவ்வாசிரியரிடம் படிக்காத தோட்டத்துத் தம்பி வெறுங்காலோடு அந்த வாளியைத் தூக்குகிறான். கையுறை, கண்ணாடி, சப்பாத்து ஆகிய மூன்றையும் கம்பனி கொடுக்கவேண்டும், சம்பளத்தில் கழிக்கக்கூடாது. பீப்பாய்களில் தமிழிலும் சிங்களத்திலும் பெயர் எழுதி, இரண்டு அறைகளில் வையுங்கள்.

தடாகத்தின் அடியிலிருக்கும் உறிஞ்சு வாயை அநேகர் மறந்துவிடுகிறார்கள். 2002ஆம் ஆண்டு அமெரிக்காவில் முன்னாள் இராஜாங்கச் செயலாளர் ஜேம்ஸ் பேக்கரின் 7 வயதுப் பேத்தி வெந்நீர்த் தொட்டியொன்றில் உறிஞ்சு வாயில் அகப்பட்டு இறந்தாள். தாய் இழுத்தும் விடுவிக்க முடியவில்லை. பம்பியின் இழுவை அத்தகையது. அதன்பின் 2007இல் அக்குழந்தையின் பெயரால் சட்டம் வந்தது. பொதுத் தடாகங்களில் ஆள் அகப்படாத மூடியைப் பொருத்துமாறு அது விதித்தது. மூடி வெடித்திருந்தால், ஓர் ஆணி கழன்றிருந்தால், பம்பியை நிறுத்திவிட்டுத்தான் மறுபேச்சு.

வடிகட்டியைக் கழுவிய நீரை ஓடையில் விடாதீர்கள். குளோரீன் மீனைக் கொல்லும். நம் பக்கத்து ஓடை எதுவும் மகாவலிக்குத்தான் போகிறது.

இவ்வளவும் செய்தால் கட்டணம் கூடுமே, குறைந்த விலை சொல்பவனிடம் வேலை போய்விடுமே என்று முன்வரிசையிலிருந்து ஒருவர் நேற்றே கேட்டார். போகலாம். முதல் ஆண்டில் சில இடங்கள் போகவே செய்யும். அதைக் கணக்கிற் சேர்த்துத்தான் தொடங்கவேண்டும். பத்து இடத்தை அவசரமாகச் சுற்றுவதிலும் நான்கு இடத்தை ஒழுங்காகப் பார்ப்பது உங்களிருவருக்கு முடியக்கூடிய வேலை.

சோதனைப் பெட்டியொன்று கொண்டுவந்திருக்கிறேன். இம் மாத்திரையை இட்டால் குளோரீன் உள்ள நீர் இளஞ்சிவப்பாகும். கூட்டம் முடிந்ததும் நமது மண்டபத்துக் குழாய் நீரில் முதலிற் பார்ப்போம். பெரியவர்களும் வரவேண்டும்.