தொழிற்கூடத்தில் அவர்களுக்கும் ஓர் இடம்



ஆட்டிசம், டிஸ்லெக்சியா, அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான வேலை பற்றி இன்று பேசப் போகிறேன். ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் மக்களிடம் இதைப் பேச வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். இந்தப் பேச்சு பெரும்பாலும் ஐ.டி. நிறுவனங்களின் குளிரூட்டிய அரங்குகளுக்குள்ளேயே நின்றுவிடுகிறது. டென்மார்க்கில் தோர்கில் சோன் என்பவர், ஆட்டிசம் உள்ள தம் மகனின் வருங்காலத்தை எண்ணி 2004இல் ஒரு நிறுவனம் தொடங்கினார். மென்பொருள் சோதனை போன்ற வேலைகளில் ஆட்டிசம் உள்ளவர்களை அமர்த்தினார். அதன் துணையோடு எஸ்.ஏ.பி. நிறுவனம் 2013இல் பெங்களூரில் இதே வழியில் இறங்கியது. இரண்டும் போற்றத்தக்க முயற்சிகள். ஆனால் அவற்றைப் பற்றிய செய்திகளால், ஆட்டிசம் என்றாலே கணக்குப் புலி, கம்ப்யூட்டர் மேதை என்ற எண்ணமும் சேர்ந்து பரவிவிட்டது. மேதையாக இல்லாத பிள்ளைக்கும் பசிக்கிறது. அவனுக்கும் மாதச் சம்பளம் வேண்டும்.

சட்டம் என்ன தருகிறது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாற்றுத்திறனாளிகளுக்கான 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலில் ஆட்டிசம் கிடையாது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் ஆட்டிசத்தையும் சேர்த்து அந்தப் பட்டியலை 21 வகைகளாக விரித்தது. அரசுப் பணியில் 4 விழுக்காடு ஒதுக்கியது. அதில் ஒரு விழுக்காட்டை ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு உள்ள அத்தனை பேரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ஏ.டி.எச்.டி. அந்தப் பட்டியலில் தனி வகையாக இல்லை. தனியார் துறையில் ஒதுக்கீடும் இல்லை. பணியாளரில் 5 விழுக்காட்டினராவது மாற்றுத்திறனாளிகளாக இருக்கும்படி செய்யும் முதலாளிக்கு, அரசு தன் நிதி வசதிக்கு உட்பட்டு ஊக்கச் சலுகை தர வேண்டும் என்கிறது 35ஆம் பிரிவு, அவ்வளவுதான். எல்லா நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை எழுதி வெளியிட வேண்டும். 20 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் தனியார் நிறுவனம், எந்தெந்த வேலை, என்னென்ன வசதி என்பதையும் அதில் சொல்ல வேண்டும். உங்கள் கம்பெனி நோட்டீஸ் போர்டில் அது இருக்கிறதா என்று நாளைக்கே பாருங்கள்.

இனி ஷாப் ஃப்ளோருக்கு வருவோம். அமெரிக்காவின் வட கரோலினாவில் எரிக் ஷாப்லர் என்ற உளவியலாளர் 1972இல் மாநிலம் முழுவதற்குமாக ‘டீச்’ என்ற திட்டத்தை நிறுவினார். ஆட்டிசம் உள்ளவருக்கு வேலையைக் கண்ணால் பார்க்கும்படி அமைத்துக் கொடுப்பதுதான் அதன் அடிப்படை. செய்ய வேண்டியது இடப்பக்கத் தட்டில், செய்து முடித்தது வலப்பக்கக் கூடையில். இடப்பக்கம் காலியானால் வேலை முடிந்தது. இதைப் படித்தபோது எனக்கு நம் பட்டறைகள்தாம் கண்முன் வந்தன. 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆலை அமைத்தது. 1955இல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு வந்தது. அந்த மோட்டார்த் தொழிலோடு வளர்ந்த வட்டாரம் இது. நல்ல பட்டறையின் டூல் போர்டில் ஒவ்வொரு ஸ்பேனரின் உருவமும் பெயின்டில் வரைந்திருக்கும். ஒன்றை எடுத்தால் அந்த இடம் வெறும் நிழலாகத் தெரியும். ஒரு வண்டிக்கு வேண்டிய போல்ட், நட்டு, வாஷர் அனைத்தும் ஒரே தட்டில் குழி குழியாகப் பிரித்து வைத்திருக்கும். தப்பாகப் பொருத்தவே முடியாதபடி ஜிக் செய்து வைத்திருப்பார்கள். சிறப்புப் பள்ளி ஆசிரியை அட்டையை வெட்டி ஒட்டித் தயாரிப்பதை நம் டூல் ரூம்காரர் இரும்பில் செய்து வைத்திருக்கிறார். அந்தப் பிள்ளைக்குத் தேவையானதில் பாதி உள்ளே தயாராகவே இருக்கிறது.

அவனைத் தடுப்பது கேட் அருகே நடக்கும் நேர்முகம். “உன்னைப் பத்திச் சொல்லுப்பா” என்கிறார் மேலாளர். எதைச் சொல்வது? பெயரையா, ஊரையா, நேற்றுச் சாப்பிட்டதையா? அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். ‘பையன் சரிப்பட மாட்டான்’ என்று முடிவாகிவிடுகிறது. அந்த ஐந்து நிமிடத்துக்குப் பதில் மூன்று நாள் பெஞ்சில் உட்காரவைத்து, சம்பளம் கொடுத்து, வேலையைக் காட்டிப் பாருங்கள். சொல்வதையும் முழுதாகச் சொல்ல வேண்டும். “அதை அப்படி ஓரமா வச்சிட்டு வா” என்றால் எதை, எந்த ஓரத்தில்? “இந்த 40 போல்ட்டையும் நீலத் தட்டில் வை; முடித்ததும் என்னைக் கூப்பிடு” என்றால் குழப்பமில்லை. அப்படிச் சொன்னால் மற்றத் தொழிலாளிக்கும் நல்லதுதான்.

சத்தம் ஒரு பெரிய துன்பம். எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் என்று விதி வைத்திருக்கிறோம்; அது காது கெடாமல் இருப்பதற்கான அளவு. ஆட்டிசம் உள்ள பலருக்கு அதைவிடக் குறைந்த ஓசையே தாங்காது. சைரன் ஊதும் நேரத்தை முன்கூட்டிச் சொல்லலாம். ஸ்டோரில் இருக்கும் இயர்மஃப்பைப் பிரஸ் ஷாப்புக்கு மட்டும் என்று சொல்லாமல் கேட்பவருக்குக் கொடுக்கலாம். இதற்கெல்லாம் ஆகும் செலவு சொற்பம்.

ஆனால் தோழர்களே, நான் அதிகம் அஞ்சுவது கான்ட்ராக்ட் முறையை. இந்தப் பிள்ளைக்கு வேண்டியது மாறாத இடம், மாறாத நேரம், முகம் தெரிந்த ஒரு சூப்பர்வைசர். கான்ட்ராக்ட் வேலையிலோ இன்று ஒரு ஷெட், நாளை வேறொரு ஷெட். ஆறு மாதத்தில் கான்ட்ராக்டரே மாறிவிடுகிறார். அவனைப் புரிந்துகொண்ட மேஸ்திரியும் கூடவே போய்விடுகிறார். கற்றுக்கொண்டதையெல்லாம் அவன் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். பலரும் அந்த இடத்தில்தான் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். குறையை அவன் மேலேயே சுமத்திவிடுகிறோம். நிலையான வேலை இல்லாத இடத்தில், எத்தனை விழிப்புணர்வு முகாம் நடத்தினாலும் அவன் நிலைக்க மாட்டான்.

1918இல் பெரம்பூரில் பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டியபோது, மதிய உணவுக்கு விடும் நேரம் போதவில்லை என்பதும் பின்னி மில் தொழிலாளர் சொன்ன குறைகளில் ஒன்று. மனிதனின் தேவைக்கு ஏற்ப ஆலை மாற வேண்டும் என்று நம் பாட்டன்மார் அன்றே கேட்டார்கள். அதே உரிமையோடு, அடுத்த ஊதிய ஒப்பந்தத்துக்கான கோரிக்கைப் பட்டியலில் இவர்களையும் சேர்க்க வேண்டுகிறேன். நேர்முகத்துக்குப் பதில் வேலைப் பரிசோதனை கேளுங்கள். எழுத்திலும் படத்திலும் வேலை விவரம் கேளுங்கள். துணைக்கு ஒரு மூத்த தொழிலாளி, அவருக்கு அந்த நேரத்துக்கான படி, முன்னறிவிப்பின்றி ஷிப்ட் மாற்றாத உறுதி, இவற்றையும் கேளுங்கள். பயிற்சி உதவித்தொகை என்ற பெயரில் இவர்களை ஆண்டுக்கணக்கில் பாதிச் சம்பளத்தில் வைத்திருக்க இடம் கொடுக்காதீர்கள். பக்கத்து பெஞ்சில் அதே வேலைக்கு என்ன கூலியோ, அது முழுதாக இவர்கள் கைக்கும் வர வேண்டும்.