ஒப்பு நோக்கும் பணி
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நம் சங்க நூலகத்தில் தொட்டால் உதிரும் தாளுடைய நூல்கள் சில உள்ளன. அவற்றை வருடிப் படமாக்கிவிட்டோம். இனி அழியா என்று மகிழ்ந்தோம். ஆயினும் படம் எழுத்தன்று. அதனுள் ஒரு சொல்லைத் தேடிக் காண இயலாது. படத்தை எழுத்தாக்கும் பொறி இன்று உண்டு. நொடியில் ஒரு பக்கத்தைப் படித்துவிடுகின்றது. அது படித்ததைச் சரிபார்ப்பாரைத்தான் காணோம்.

மை பரந்த பழைய அச்சில் 'ழ' என்பது பொறிக்கு 'மு' ஆகிவிடும். பழம் 'பமும்' ஆகும். தமிழ் எண்ணில் ௧௮ என்றிருப்பின் 'கஅ' என்று எழுதும். 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முந்திய லை, னை, றா முதலியவற்றின் வடிவங்களும் அதற்கு இடர் தருவன. இவை கண்ணில் உறுத்தும் பிழைகள், திருத்தல் எளிது. அஞ்சத்தக்கவை, பொருளோடு பொருந்திவிடும் பிழைகளே.

விக்கிமூலம் என்னும் இணைய நூலகத்திற்காகப் பழைய நூலொன்றைத் திருத்தியபோது எனக்கு நேர்ந்ததைக் கூறுகின்றேன். பொறி 'கடும் வெயில்' என்று தந்திருந்தது. அதில் என்ன குறை? படத்தை நோக்காமலே மேற்சென்றேன். அங்கே ஒருவர் திருத்திய பக்கம் மஞ்சள் நிறம் பெறும்; வேறொருவர் சரிபார்த்த பின்னரே பச்சையாகும். முகமறியாத அவ்விரண்டாமவர் 'சுடும் வெயில்' என்று மாற்றியிருந்தார். படத்தைப் பெரிதாக்கி நோக்கினேன். சுடும் என்றே இருந்தது. தமிழறிந்தவன் என்னும் செருக்கினால் ஆசிரியர் சொல்லை நானே அழித்திருப்பேன்!

நண்பர் ஒருவர் ஆர்வ மிகுதியால் ஒரு நூலிலிருந்த 'சந்தோஷம்' அனைத்தையும் 'மகிழ்ச்சி' ஆக்கிவிட்டார். நல்ல சொல்தான், ஆனால் ஆசிரியர் எழுதியது அதுவன்றே.

1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், புள்ளியில்லா ஏடுகள் பலவற்றைத் தேடித் தொகுத்து ஒப்பு நோக்கினார். நமக்கோ ஒப்பு நோக்கவேண்டிய படம் அதே திரையில் அருகிலேயே இருக்கின்றது. அதற்கும் சோம்பினால் என் சொல்வது!

ஞாயிறுதோறும் மாலையில் நூலகக் கணினி இதற்கென ஒதுக்கப்பட்டுள்ளது. கணினி இயக்க அறியாத மூத்தோர் படத்தைப் படித்துக் காட்டுக. எழுத்துக் கூட்டிப் படிக்கும் நம் பிள்ளைகள் திரையில் சரிபார்ப்பர். முதலில் எடுக்கவிருப்பது ஒரு சமையல் நூல். அளவுகளெல்லாம் தமிழ் எண்ணில். ஆதலின் மூக்குக் கண்ணாடியை மறவாது கொண்டு வருக.