இறங்கும்போது எந்த கியர்?



திருப்பதியிலிருந்து திருமலைக்கு இரண்டு மலைப்பாதைகள். 1944-இல் திறந்த முதல் பாதையில் இப்போது வண்டிகள் இறங்குகின்றன; பின்னால் போட்ட இரண்டாவது பாதையில் ஏறுகின்றன. எதிரே வண்டி வராது என்ற தைரியத்தில் சிலர் இறக்கத்தில் நியூட்ரலில் விட்டுவிடுவார்கள். டீசல் மிச்சமாம்!

அங்கேதான் ஆபத்து. எஞ்சின் தடுக்க வேண்டிய வேகத்தையும் சேர்த்து பிரேக்கே தாங்க வேண்டும். விடாமல் மிதித்தால் அது சூடேறும். ரொம்பச் சூடேறினால் பிடிக்காது. அதனால், ஏறும்போது போடுகிற கியரிலேயே இறங்குங்கள்.

பிரேக் பிடிக்கவில்லையா? எஞ்சினை அணைக்காதீர்கள், ஸ்டீயரிங் திருப்ப முடியாமல் கனத்துவிடும். பெடலை விட்டு விட்டு மிதியுங்கள். கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். ஹேண்ட் பிரேக்கை மெல்ல மெல்ல இழுங்கள்.

இனி, பருவத்துக்கு வருவோம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பாறை இளகும். 2021 நவம்பரில் திருப்பதியில் கொட்டித் தீர்த்த மழைக்குப் பிறகு, டிசம்பர் 1 அன்று இரண்டாவது பாதையில் பாறை உருண்டு சாலை உடைந்தது. மழை நாளில் சரிவுக்கு அடியில் வண்டியை நிறுத்தாதீர்கள். சித்தூர்ப் பக்கத்துச் சித்திரை வெயிலில் டயர்தான் கவலை. புறப்படும் முன்பே, டயர் சூடேறாதபோது காற்றைப் பாருங்கள். தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033, ஆம்புலன்சுக்கு 108.

மலையில் எல்லாரும் 'கோவிந்தா' சொல்லட்டும். நியூட்ரலில் இறங்கினால் பிரேக்கும் கோவிந்தாதான்!