கடல் தாண்டிப் பணம் அனுப்பும் முன்

(கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



மணிமாலை, காதணி செய்யும் நம் குழுக்கள் சில மாதங்களாக ஒரே கேள்வியைக் கேட்டு வருகின்றன. பாரிமுனைக் கடைகளில் நாம் வாங்கும் கண்ணாடி மணியில் நிறைய சீனாவிலிருந்து வருவதுதானே, அதை நாமே நேரடியாக வரவழைத்தால் என்ன என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். சீனாவில் செஜியாங் மாகாணத்தில் யீவு என்று ஒரு நகரம் இருக்கிறது. மணி, பொட்டு, ஹேர்பின், பொம்மை என்று சில்லறைச் சாமான்களுக்கு உலகத்திலேயே பெரிய மொத்தச் சந்தை அங்கேதான். இன்றைக்கு போனிலேயே படம் வருகிறது, விலை வருகிறது, கூடவே வங்கிக் கணக்கு எண்ணும் வந்துவிடுகிறது. அந்தக் கணக்குக்கு எப்படிப் பணம் கட்டுவது என்பதைத்தான் இன்று பேசப் போகிறோம்.

உள்ளூர்க் கடைக்காரர் ஏமாத்தினா நாம நாலு பேர் சேர்ந்து போய் கடை வாசல்ல நிக்கலாம். யீவுக்கு எப்படிப் போய் நிக்கிறது? அங்கே வழக்குப் போடுவது என்றால் நம் ஐந்து வருடச் சேமிப்பும் வக்கீல் செலவுக்கே போய்விடும். அதனால் இந்த வியாபாரத்தில் பாதுகாப்பு எல்லாம் பணம் கட்டுவதற்கு முன்னால்தான் இருக்கிறது. பணம் நம் கையை விட்டுப் போகும் நேரமும், சரக்கு நம் பொறுப்புக்கு வரும் நேரமும் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. பணம் கட்டும் முறைகள் பல உண்டு. ஒவ்வொன்றிலும் இந்த இடைவெளி எவ்வளவு என்று பாருங்கள், போதும்.

வெளிநாட்டுக்காரர் முதலில் கேட்பது "டி.டி." இது நம்ம பேங்க்ல எடுக்கிற டிமாண்ட் டிராப்ட் இல்லைங்க. டெலிகிராபிக் டிரான்ஸ்பர், அதாவது கணக்கிலிருந்து கணக்குக்குப் பணம் அனுப்புவது. டிராப்டு கையில் இருந்தால் தேவைப்பட்டால் திருப்பிக் கொடுக்கலாம். இது அப்படியில்லை. அங்கே கணக்கில் விழுந்துவிட்டால், வாங்கியவர் சம்மதம் இல்லாமல் திரும்பி வருவது ரொம்பக் கஷ்டம். முழுப் பணத்தையும் முன்கூட்டியே இப்படி அனுப்பினால் பணமும் அவரிடம், சரக்கும் அவரிடம். நாம் கையில் ரசீதை வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான்.

இதற்கு நேர் எதிராக எல்.சி. என்று ஒன்று உண்டு. லெட்டர் ஆஃப் கிரெடிட். நம் வங்கி அவருக்கு எழுத்தில் உறுதி கொடுக்கிறது: இன்ன தேதிக்குள் கப்பலில் ஏற்றி, இன்னின்ன காகிதங்களைக் கொடுத்தால் பணம் தருகிறோம் என்று. 2007 ஜூலை முதல் யு.சி.பி. 600 என்ற சர்வதேச விதிகளின்படி இது நடக்கிறது. அதில் ஒரு விஷயத்தை எல்லோரும் கவனிக்க வேண்டும். வங்கி பார்ப்பது காகிதத்தை மட்டும்தான், சரக்கை அல்ல. பெட்டிக்குள் மணி இருக்கா, மண்ணு இருக்கா என்று வங்கி திறந்து பார்க்காது. காகிதம் சரியாக இருந்தால் பணம் போய்விடும். அதனால் எல்.சி. போடுபவர்கள், சரக்கைப் பார்த்துச் சோதிக்கும் தனி நிறுவனத்தின் சான்றிதழும் வேண்டும் என்று அதிலேயே எழுதிவிட வேண்டும். கமிஷன், திருத்தத்துக்கு ஒரு கட்டணம் என்று செலவும் உண்டு. வங்கி டெபாசிட்டும் கேட்கும். ஐயாயிரம், ஆறாயிரம் டாலர் சரக்குக்கு இது கட்டுப்படியாகாது என்பது எங்கள் கருத்து. நாளைக்குப் பெரிய மெஷின் வாங்குவதாக இருந்தால் எல்.சி.தான் சரி.

இரண்டுக்கும் நடுவில், காகிதங்களை வங்கி வழியாக அனுப்பி, நாம் பணம் கட்டிய பிறகு கொடுக்கும் முறையும் இருக்கிறது. நல்ல முறைதான். ஆனால் புதிதாக வரும் சின்ன வாடிக்கையாளருக்கு யீவு வியாபாரி இதற்கு லேசில் ஒத்துக்கொள்ள மாட்டார். கப்பலில் வரும் சரக்குக்குத்தான் இது பொருந்தும். பில் ஆஃப் லேடிங் என்னும் கப்பல் காகிதத்தின் அசல் யார் கையில் இருக்கிறதோ அவருக்குத்தான் சரக்கின் மேல் உரிமை. விமானத்தில் வரும் சரக்கின் ஏர்வே பில்லுக்கு அந்த உரிமை கிடையாது. அதனால்தான் விமானத்தில் அனுப்புபவர் முன்பணத்தில் கறாராக நிற்பார்.

அப்படியானால் நம்மைப் போன்றவர்களுக்கு எது? முப்பது சதவீதம் முன்பணம், எழுபது சதவீதம் ஏற்றிய பிறகு. வழக்கத்தில் அதிகம் இருப்பது இதுதான். ஆறாயிரம் டாலர் ஆர்டர் என்றால் முதலில் 1,800 டாலர், பிறகு 4,200. முன்பணம் போனால் போனதுதான் என்று மனதைத் தயார் செய்துகொண்டு, அந்தத் தொகையை முடிந்த அளவு குறையுங்கள். முதல் ஆர்டரே சின்னதாக இருக்கட்டும்.

இனி அந்த எழுபதுக்கு வருவோம். "ஏத்தியாச்சு அக்கா, காப்பி அனுப்பிட்டேன், பணம் போடுங்க" என்று செய்தி வரும். காப்பியை யாரும் கம்ப்யூட்டரில் செய்துவிடலாம். அதனால் விலை பேசும்போதே எஃப்.ஓ.பி. என்று பேசுங்கள். அப்படிப் பேசினால் சரக்கை எடுத்து வரும் ஏஜெண்டை நாமே வைத்துக்கொள்ளலாம். சென்னையிலோ தூத்துக்குடியிலோ உள்ள ஏஜெண்டுக்கு யீவு பக்கத்துத் துறைமுகமான நிங்போவில் ஆள் இருப்பார். நம் சரக்கு அவருடைய கிடங்குக்கு வந்ததா, எத்தனை பெட்டி, எவ்வளவு எடை என்பதை நம் ஆளே சொல்லுவார். அவர் சொன்ன பிறகு எழுபதை அனுப்பலாம். விற்பவரே எல்லாம் ஏற்பாடு செய்து தருகிறேன் என்று சொல்வது சுலபமாகத்தான் தோன்றும். ஆனால் அப்போது சாட்சி சொல்பவரும் அவர் ஆள்தான்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். மூன்று மாதம் ஒழுங்காகப் பேசி, மாதிரி வந்து, முன்பணமும் கட்டிய பிறகு, ஒரு நாள் இமெயில் வருகிறது: "எங்கள் பழைய கணக்கில் ஆடிட் நடக்கிறது, மீதிப் பணத்தை இந்தப் புதுக் கணக்கில் போடவும்." அதே பெயர், அதே கையெழுத்து, அதே லோகோ. ஆனால் அனுப்பியவர் நம் வியாபாரி அல்ல. அவருடைய மெயிலுக்குள்ளோ நம்முடைய மெயிலுக்குள்ளோ புகுந்து உட்கார்ந்து, பணம் கைமாறும் நேரம் பார்த்திருந்த திருடன். மெயில் முகவரியில் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கும், நம் கண்ணுக்குத் தெரியாது. உலகம் முழுக்க நடக்கிற மோசடி இது. படித்தவர்கள், பெரிய கம்பெனிக்காரர்கள் எல்லாம் சிக்கியிருக்கிறார்கள்.

கணக்கு மாறியது என்று செய்தி வந்தால், அந்தச் செய்தியில் உள்ள நம்பருக்குப் போன் செய்யாதீர்கள். முதன்முதலில் பேசியபோது குறித்து வைத்த நம்பருக்குச் செய்யுங்கள். வீடியோவில் முகம் பார்த்துக் கேளுங்கள். கணக்கின் பெயரும் இன்வாய்ஸில் உள்ள கம்பெனிப் பெயரும் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். தனி ஆள் பெயர் என்றால் அங்கேயே நிறுத்துங்கள். ஸ்விஃப்ட் கோடு என்று எட்டோ பதினொன்றோ எழுத்து இருக்கும். அதில் ஐந்தாவது, ஆறாவது எழுத்துகள் நாட்டைக் காட்டும். சி.என். என்றால் சீனா, எச்.கே. என்றால் ஹாங்காங். சீன வியாபாரிகள் ஹாங்காங்கில் கணக்கு வைப்பது உண்டுதான். ஆனால் சீனாவில் கடை, கணக்கு மட்டும் வேறு ஏதோ ஒரு நாட்டில் என்றால் ஏன் என்று கேட்காமல் அனுப்பக் கூடாது. சீனக் கம்பெனிகளுக்குப் பதினெட்டு இலக்கப் பதிவு எண் உண்டு. வியாபார உரிமத்தின் நகலை முதல் நாளே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தவறிப் பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். அந்த மணி நேரத்திலேயே வங்கிக்குச் சொல்லுங்கள், 1930 என்ற எண்ணுக்கும் சொல்லுங்கள். தாமதமாக ஆக, பணம் கை மாறி எங்கோ போய்விடும்.

நம் பக்கத்து வேலையும் கொஞ்சம் இருக்கிறது. இறக்குமதி செய்ய ஐ.இ.சி. என்னும் குறியீட்டு எண் வேண்டும். கூட்டமைப்பின் பான் எண்ணை வைத்து ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம், கட்டணம் 500 ரூபாய். அந்நியச் செலாவணி நடத்த அனுமதி உள்ள வங்கிக் கிளையில் கணக்கு வேண்டும். நாம் அனுப்பிய பணமும், சுங்கத்துறையில் தாக்கலாகும் பில் ஆஃப் என்ட்ரியும் பொருந்துகிறதா என்று 2016 முதல் ரிசர்வ் வங்கியின் கணினி முறையில் வங்கிகள் பார்க்கின்றன. "சிங்கப்பூர்ல என் தம்பி இருக்கான், அவன் போட்டுருவான், இங்க நம்ம கையில ரூபாயா குடுத்துட்டா போதும்" என்று ஒரு அக்கா சொன்னார்கள். வேண்டாம் அக்கா. அது உண்டியல், சட்ட விரோதம். பில்லில் விலையைக் குறைத்துப் போட்டு வரியை மிச்சம் பிடிக்கலாம் என்று விற்பவர் சொன்னாலும் கேட்காதீர்கள். சுங்கத்தில் மாட்டுவது ஒரு பக்கம். நாளைக்குச் சரக்கு மோசம் என்று நஷ்டஈடு கேட்டால், உங்க பில்லே ரெண்டாயிரம் டாலர்தானே என்பார்.

சுங்க வரி, ஐ.ஜி.எஸ்.டி., ஏஜெண்டு கூலி எல்லாம் சரக்கு வந்ததும் கட்டியாக வேண்டும். டாலருக்கு ஒரு ரூபாய் ஏறினால் ஆறாயிரம் டாலருக்கு ஆறாயிரம் ரூபாய் கூடும். இதையெல்லாம் கூட்டிப் பார்த்து பாரிமுனை விலையே தேவலை என்று வந்தால் பாரிமுனையிலேயே வாங்குங்கள். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

நம் குழுக்களில் யாரும் தனியாகக் கையெழுத்துப் போட்டுப் பணம் எடுப்பதில்லை. அதே பழக்கத்தை இங்கேயும் கொண்டுவர வேண்டும். ஒருவர் போனில் பேசிக் கணக்கை உறுதி செய்ய, இன்னொருவர் எண்ணை ஒவ்வொன்றாகப் படித்துச் சரிபார்க்க, அதைத் தீர்மான நோட்டில் எழுதிய பிறகே வங்கிக்குப் போக வேண்டும் என்று நிர்வாகக் குழு இன்று தீர்மானம் கொண்டுவருகிறது. மணி வேலை செய்யும் குழுக்களின் ஊக்குநர்கள், உங்களுக்கு வந்திருக்கும் ப்ரோபார்மா இன்வாய்ஸ், வியாபார உரிம நகல், பேசிய செய்திகள் எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு அடுத்த கூட்டத்துக்கு வாருங்கள். உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்ப்போம். அதுவரை யாரும் முன்பணம் அனுப்ப வேண்டாம்.