ஊரை விட்டுப் போகும் மணிச்சத்து

(கூட்டுறவுச் சங்க அங்கத்தினருக்கான பிரசங்கம்)



தழைச்சத்து காற்றிலும் உண்டு. உளுந்து, சணப்பு முதலியவற்றின் வேர்முடிச்சுகள் அதை இழுத்து நிலத்தில் சேர்க்கும். மணிச்சத்தாகிய பாஸ்பரஸுக்கோ அவ்வழி இல்லை. நிலத்தை விட்டுப் போனது, யாரேனும் கொண்டுவந்து போட்டாலன்றித் திரும்பி வாராது.

அது எவ்வழியாய்ப் போகிறது? நெற்பயிர் எடுத்த மணிச்சத்தின் பெரும்பகுதி தானியத்தில் சேருகிறது. வைக்கோலில் மிகுந்து நிற்பது சாம்பற்சத்தே. வைக்கோலை எருவாக்கித் திருப்தி அடையும் குடியானவர், நெல்மூட்டையோடு மணிச்சத்தும் வண்டியேறியதைக் கவனிப்பதில்லை. அரிசி தீட்டும்போது அதில் பெரும்பாகம் தவிட்டிற்குப் போகும். நிலக்கடலையை ஆட்டினால் எண்ணெயில் ஏறக்குறைய ஒன்றும் போகாமல் பிண்ணாக்கிலேயே நிற்கும். எனவே நெல்லாகவும் கடலையாகவும் விற்கும் ஊர் நிலத்தின் சாரத்தை விற்கிறது. அரிசியாகவும் எண்ணெயாகவும் விற்கும் ஊர் அதில் பெரும்பங்கை நிறுத்திக்கொள்கிறது. சங்கம் செக்கும் அரிசி ஆலையும் வைப்பது லாபத்திற்காக மட்டுமன்று. தவிடும் பிண்ணாக்கும் மாட்டின் வயிற்றில் புகுந்தால், பாலுக்கும் உடல் வளர்ச்சிக்கும் போனது நீங்கலாக, மணிச்சத்து சாணத்தில் வெளிவரும். மூத்திரத்தில் அது மிகச் சொற்பம்.

சாணத்தை வரட்டியாய் எரித்தால் தழைச்சத்து புகையோடு போகும்; மணிச்சத்து சாம்பலில் தங்கும். அச்சாம்பலையும் பாத்திரம் துலக்கிச் சாக்கடையில் விடுவது இரட்டை நஷ்டம். அதை நனையாமல் தனியே சேர்க்கவேண்டும். பச்சைச் சாணத்தோடு மிகுதியாய்க் கலந்தால் தழைச்சத்து ஆவியாகிவிடும்.

இந்தூரில் 1924 முதல் 1931 வரை ஆல்பர்ட் ஹோவர்ட் நடத்திய மக்கு எரு முறையில் செத்தை, சாணம், மூத்திர மண், சிறிது சாம்பல் இவற்றை அடுக்கி, ஈரம் காத்து, மும்முறை புரட்டினால் மூன்று மாதத்தில் எரு தயாராகும். ஆயினும் குழி மணிச்சத்தை உண்டாக்குவதன்று. போட்டதையே திருப்பித் தரும். பாஸ்பாரிக் அமிலக் கணக்கில், தொழுவெரு 1,000 கிலோவில் அது சுமார் 2 கிலோவே.

குறையை நிரப்ப எலும்பு உண்டு. ஆவியில் வேகவைத்து அரைத்த எலும்பு மாவு 100 கிலோவில் அவ்வமிலம் 20 கிலோவுக்கு மேல். எலும்பைத் தொடக் கூசியவர் பலர். ஆங்கிலேயர் ஆட்சியில் அது மூட்டை மூட்டையாய்க் கப்பலேறிப் பிறதேசத்து வயல்களுக்குப் போயிற்று! புளிப்புள்ள செம்மண்ணில் அது நன்கு பலன் தரும். சுண்ணாம்பு மிகுந்த கரிசலில் அவ்வளவாகக் கரையாது. மணிச்சத்து மண்ணில் நகருவது அரிதாகையால், கடைசி உழவில் போட்டு மூடுவதே முறை. மேலே தூவியது பெரும்பாலும் மேலேயே கிடக்கும்.