பேறுகாலத்தில் ஒரு துணை
(ஊராட்சி உறுப்பினர்கள் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



பிசான நடவைப் பற்றிக் கலந்து பேசக் கூடிய இடத்தில் பிள்ளைப்பேற்றைப் பற்றிய பேச்செதற்கு என்று தாங்கள் எண்ணக்கூடும். நாற்று நடும் கைகள் எவருடையவை என்று நினைத்துப் பார்த்தால் அவ்வையம் தீரும்.

நெல்லையில் ஆடிப்பூரத் திருவிழாவின்போது காந்திமதியம்மைக்கே வளைகாப்பு நடத்துகிறோம். திருச்சிராப்பள்ளியிலோ, காவிரி வெள்ளத்தால் தாய் வந்துசேர இயலாத பெண்ணுக்கு இறைவனே தாய் வடிவில் வந்து பேறு பார்த்தான் என்பது தலவரலாறு. அதனாலன்றோ அவன் தாயுமானவன் ஆயினான்! வலியெடுத்த பெண்ணைத் தனியே விடலாகாது என்பதை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர்.

வீட்டிலேயே பிள்ளை பிறந்த காலத்தில் பெண்டிர் சூழ்ந்திருந்தனர். ஆனால் குருதிப்போக்கு மிகுந்தால் காக்க வழியில்லை. இன்று மருத்துவமனையில் உயிர் காக்கப்படுகிறது. ஆயினும், உற்றார் வாயிலில் நிற்க, அவள் அறிமுகமற்றோரிடையே வலியைத் தாங்கும் நிலையும் உண்டாயிற்று. இக்குறையை நீக்கவே தமிழக அரசு 2004-ஆம் ஆண்டில் அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணைத் திட்டத்தைத் தொடங்கியது. 2016-இல் மத்திய அரசும் இதற்கு வழிமுறைகளை வகுத்தது. தான் விரும்பும் ஒருவரைத் துணையாகக் கொள்ள ஒவ்வொரு பெண்ணுக்கும் இடமளிக்குமாறு 2018-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது.

மேனாடுகளில் 'டூலா' எனப்படும் பயிற்சி பெற்ற பெண்கள் இதனைத் தொழிலாகவே செய்கின்றனர். 17 நாடுகளில் 15,000-க்கும் மேற்பட்ட தாய்மாரைக் கொண்டு நடந்த ஆய்வுகளை 2017-இல் தொகுத்துப் பார்த்தபோது, இடைவிடாத துணை பெற்றவர்களுக்கு இயல்பான பேறு மிகுந்ததும், அறுவை குறைந்ததும், வலிக்காலம் சற்றுச் சுருங்கியதும் தெரியவந்தன.

துணைவி செய்யவேண்டுவது யாது? கையைப் பற்றி இன்சொல் கூறுதல், முதுகை நீவுதல், சிறிது நீர் புகட்டுதல், மாறுதல் கண்டால் உடனே செவிலியரிடம் தெரிவித்தல், குழந்தை பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால் ஊட்ட உதவுதல் ஆகியவையே. அவள் தானும் பிள்ளை பெற்றவளாகவும், தொற்றுநோய் இல்லாதவளாகவும், தூய ஆடை உடுத்தவளாகவும் இருத்தல் வேண்டும். மருத்துவரின் பணியில் அவள் குறுக்கிடலாகாது.

சென்ற பிசானத்தில், தலைப்பிள்ளை பெறச் சென்ற ஒரு பெண்ணுடன் கணவனும் மாமனாரும் மட்டுமே வந்திருந்ததைக் கண்டோம். இருவரும் மரத்தடியில் நின்றனர். தாய் எங்கே என்று வினவினோம். கூலி போய்விடுமே என்று நடவுக்குச் சென்றிருந்தாள்! திட்டம் இருந்தும் பயன் அப்பெண்ணைச் சேரவில்லை.

ஆகவே தங்களிடம் இரண்டு கோருகிறோம். எட்டாம் மாதத்திலேயே துணைவி யார் என்பதைக் கிராமச் செவிலியர் வாயிலாக ஒவ்வொரு குடும்பமும் முடிவு செய்யுமாறு உறுப்பினர்கள் பார்த்துக்கொள்ளல் வேண்டும். நிலமுடையோர் அத்துணைவியின் அன்றைய கூலியை இழக்கச் செய்யாது அவளை அனுப்பிவைத்தல் வேண்டும். ஒருநாட் கூலி சிறிது. ஒரு தாயின் நெஞ்சுறுதி பெரிது.